தில்லிக்குப் போன புகார் ஏன் சென்னைக்கே திரும்பி வருகிறது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். எங்கள் பின்சுவரைத் தாண்டினால் ஒரு பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கிருந்து மழைநீர்க் கால்வாயில் மஞ்சளாகத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஆடி மாதக் கடைசியில் எங்கள் போர் தண்ணீரும் லேசாக மஞ்சள் தட்ட ஆரம்பித்தது. புகார் சொன்னோம். ஒருவர் பகலில் வந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஓடலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு தில்லியில் உள்ள ஒரு மத்திய அலுவலகத்துக்கு இரண்டு முறை பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "உரிய நடவடிக்கைக்காக மாநிலத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." தபால்காரர் வேலை பார்க்கவா நாடு முழுமைக்கும் ஓர் அமைப்பு? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்தப் பட்டறையில் வேலை பார்க்கும் பையன்கள் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். பட்டறையை மூடிவிட்டால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.
– பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

தில்லியைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர். அந்த போர் தண்ணீரில் குடிப்பதையும் சமைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் ஆவியாகும். உலோகம் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் கெட்டிப்படும்.

மஞ்சள் நிறம் இரும்பினாலும் வரலாம், முலாம் பூசப் பயன்படும் குரோமியத்தாலும் வரலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். இரும்பு என்றால் பெரும்பாலும் காலையில் துருநிறத்தில் அடியில் படிந்திருக்கும். எதுவும் படியாமல், தெளிவாக, எலுமிச்சை நிறத்தில் அப்படியே நின்றால் எனக்குக் குரோமியத்தின் மேல்தான் சந்தேகம் போகும். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது என்றால் அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியாயிற்று என்று பொருள்.

ஆனால் பாட்டில் சோதனை உங்கள் மனத்தெளிவுக்கு மட்டும்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கூப்பிட்டு, அவர்கள் ஆளே வந்து மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். "வாட்டர் டெஸ்ட்" என்று மொட்டையாகச் சொன்னால் உப்பு, கடினத்தன்மை, கிருமி பார்த்துத் தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தில் நச்சு அதிகமான வகை), மொத்தக் குரோமியம், நிக்கல், சயனைடு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் காசு வீண்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். எந்த அலுவலகத்துக்கு எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் அந்தப் பதில்தான் வந்திருக்கும். அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, சட்டத்தின் கட்டுமானமே அப்படி.

நம் அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலங்களின் கையில் இருக்கும் விஷயம். அதனால் 1974-ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, சில மாநிலச் சட்டமன்றங்கள் முதலில் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் அதை இயற்ற முடிந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சேர்ந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974 செப்டம்பரில் பிறந்தது. நம் தமிழ்நாடு வாரியம் 1982 பிப்ரவரியில்தான் அமைந்தது. பட்டறைக்குள் நுழைவது, மாதிரி எடுப்பது, இசைவாணை (கழிவுநீரை வெளியேற்றுவதற்கான அனுமதி) கொடுப்பது, மறுப்பது, மூடச் சொல்வது எல்லாம் அந்தச் சட்டப்படி மாநில வாரியத்தின் வேலை. மத்திய வாரியம் அளவுகோல் வகுக்கும், மாநில வாரியங்களை ஒருங்கிணைக்கும், மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும். பாண்டிச்சேரி மாதிரி யூனியன் பிரதேசம் என்றால் மாநில வாரியத்தின் அதிகாரம் சட்டத்தில் மத்திய வாரியத்துக்கே போகும். அம்பத்தூரில் அப்படி இல்லை.

ஆகவே அதைத் தபால்காரர் என்று சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். உங்கள் பட்டறையின் கழிவுநீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று நாளைக்கு ஒருவர் வாதாட முடியும் என்றால், அந்த எண்ணுக்குப் பின்னால் மத்திய அமைப்பின் உழைப்பு இருக்கிறது. 2009-ல் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது மத்திய வாரியம்தான். நம் மணலிக்கு 76.32 வந்தது, 70-ஐத் தாண்டினால் கடும் மாசுப் பகுதி. அந்தப் பட்டியலை வைத்துத்தான் 2010 ஜனவரியில் அத்தகைய பகுதிகளில் புதிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதியை மத்திய அமைச்சகம் நிறுத்திவைத்தது. எண்ணூர் பக்கத்து மக்கள் பல வருடமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட விஷயம், ஒரு மதிப்பெண்ணாக மாறிய பிறகுதான் தில்லியின் காதில் ஏறியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் போன்ற 17 வகைத் தொழில்கள் கழிவுநீரையும் புகையையும் இடைவிடாமல் அளந்து, அந்த அளவை இணையவழி அனுப்ப வேண்டும் என்று 2014-ல் உத்தரவிட்டதும் மத்திய வாரியமே.

பிரச்சினை என்னவென்றால், அந்த 17-ல் பிளேட்டிங் இல்லை. அறுநூறு சதுர அடியில் நாலு தொட்டியும் ஒரு ரெக்டிஃபையரும் வைத்து ஓட்டுகிற பட்டறை தில்லியின் திரையில் தெரியாது. மணலியின் புகைபோக்கி தெரியும், உங்கள் பின்சுவர் தெரியாது. தொழில் வகைப்பாட்டில் பிளேட்டிங்குக்குச் சிவப்பு நிறம், அதாவது மாசு அதிகம் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஆனாலும் கண்காணிப்பதற்கு உள்ளூர்ப் பொறியாளரின் கால்தான் நடந்து வர வேண்டும்.

தில்லிக்கு அதிகாரமே இல்லையா என்றால் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததற்குப் பிறகு வந்த 1986-ஆம் வருட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, எந்த ஆலையையும் மூடவும் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் மத்திய அரசுக்கு நேரடி அதிகாரம் தருகிறது. அதில் ஒரு பகுதியை மத்திய வாரியத் தலைவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர்ச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி மத்திய வாரியம் எழுத்தில் இடும் கட்டளைக்கு மாநில வாரியம் கட்டுப்பட்டாக வேண்டும். மாநில வாரியம் அதைச் செய்யத் தவறி, அதனால் பெரிய ஆபத்து மூண்டால், மத்திய அரசு ஆணையிட்டு மாநில வாரியத்தின் வேலையை மத்திய வாரியமே செய்யும்படி சொல்லலாம். ஆயுதம் பெரியதுதான். ஒரு பட்டறைக்காக அதை உறையிலிருந்து உருவ மாட்டார்கள்.

எனவே மூன்றாவது கடிதம் எழுதுவதாக இருந்தால் "பட்டறையை மூடுங்கள்" என்று எழுதாதீர்கள். "18-ஆம் பிரிவின்படி மாநில வாரியத்துக்குக் கட்டளை இடுங்கள், எடுத்த நடவடிக்கை அறிக்கையின் நகலை எனக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். தில்லி முகவரிக்குப் பதில் சென்னையில் இருக்கும் மத்திய வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கே அனுப்பலாம். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உள்ளூரில் இரண்டு வேலை இருக்கிறது.

உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: இசைவாணைகளின் நிபந்தனைகளை எழுதிய பதிவேடு ஒன்றை மாநில வாரியம் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட எவரும் வேலை நேரத்தில் போய் அதைப் பார்க்கலாம் என்று தண்ணீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய், பிரிவு எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் புகாருக்கு அரசு அலுவலகத்தில் நிழல்கூட விழாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். இசைவாணையின் நகல், கடைசியாக ஆய்வு செய்த அறிக்கை, இவற்றோடு நான் மிக முக்கியம் என்று நினைக்கும் ஒரு கேள்வி: "இந்தப் பட்டறையிலிருந்து கடந்த மூன்று வருடத்தில் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு எத்தனை கிலோ கசடு போனது? அனுப்புச் சீட்டுகளின் நகல் தரவும்." பிளேட்டிங் தண்ணீரை ஒழுங்காகச் சுத்திகரித்தால் உலோகம் கசடாக அடியில் இறங்கியே தீரும். அந்தக் கசடு அபாயக் கழிவு. 2016 விதிகளின்படி ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு இருக்க வேண்டும். நாள் முழுக்க முலாம் பூசுகிற பட்டறையிலிருந்து ஒரு கிலோ கசடுகூட வெளியே போகவில்லை என்று பதில் வந்தால், அது எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் வந்தவர் கால்வாயில் எதையும் பார்க்கவில்லை, சரி. கசடுக் கணக்கு பகலிலும் அப்படியேதான் இருக்கும்.

பகலில் வந்தவரை நான் ரொம்பத் திட்டவும் மாட்டேன். மாதிரி எடுப்பது நீங்கள் நினைக்கிற அளவு சுலபம் இல்லை. இதில் எனக்கே ஒரு வடு உண்டு. மாசுக் கண்காணிப்பில் நான் இளம் பொறியாளராக இருந்தபோது, வேறொரு மாவட்டத்தில், ஒரு சாயப்பட்டறைக்கு நடுராத்திரி போய்க் கையும் களவுமாகப் பிடித்தேன். வாய்க்காலில் ஊதா நிறம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி பின்வாசல் வழியாக நழுவிவிட்டார், மேஸ்திரி கையெழுத்துப் போட மறுத்தார். நான் இருந்த உற்சாகத்தில் கேனை அடைத்து, அரக்கு வைத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சட்டம் என்ன சொல்கிறது? முன்னறிவிப்பைக் கையில் கொடுக்க வேண்டும், மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆள் இல்லை என்றாலோ மறுத்தாலோ அதை எழுத்தில் பதிந்து மாதிரியோடு அனுப்ப வேண்டும். நான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. ஆய்வக அறிக்கை அட்டகாசமாக வந்தது, வழக்கு முதல் மாதத்திலேயே விழுந்தது. அந்த முதலாளி பிற்பாடு ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "சார் சௌக்கியமா?" என்று கேட்டார்.

அதனால் நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ ராத்திரியில் சுவரேறிக் குதித்துக் கேனில் பிடித்து வராதீர்கள். அது அந்தச் சட்டத்தின்கீழ் சாட்சியாக நிற்காது, கையில் அமிலம் பட்டால் மருத்துவச் செலவு வேறு. மாடியிலிருந்து தேதி நேரத்தோடு வீடியோ எடுங்கள், எந்தெந்த ராத்திரி எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கிழமை வாரியாக ஒரு ஒழுங்கு தெரியும். மாவட்டப் பொறியாளருக்கு அந்த ஒழுங்கைக் கொடுத்தால் எந்த ராத்திரி வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் சேர்த்த இந்தக் காகிதமெல்லாம் முழு எடை பெறும் இடம் ஒன்று உண்டு: சேப்பாக்கத்துக் கலச மஹால். 2012-ல் தீயில் எரிந்து, பிறகு புதுப்பித்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. 2010 சட்டத்தில் உருவான இந்தத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகளுக்குக் கட்டுப்பட்டது இல்லை. நீங்கள் எடுத்த போர் தண்ணீர் அறிக்கை, மாடி வீடியோ, கசடுக் கணக்கு எல்லாவற்றையும் அது படித்துப் பார்க்கும். மாசு செய்தவனே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் போட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் இந்திய மண்ணின் சட்டம் என்று ஏற்றுக்கொண்ட கொள்கை அது. உங்கள் பக்கத்துக் கொரட்டூர் ஏரிக்காகவும் அந்த ஊர்க்காரர்களே தீர்ப்பாயத்தின் படி ஏறியவர்கள்தான்.

இப்படிப்பட்ட மனுக்களில் தீர்ப்பாயம் பல நேரம் முதலில் செய்வது ஒரு கூட்டுக்குழு போடுவது. மத்திய வாரியத்தின் மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர், மாநில வாரியத்திலிருந்து ஒருவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர் என்று சேர்ந்து வந்து, பார்த்து, மாதிரி எடுத்து, அறிக்கை தர வேண்டும். கடிதத்தைத் திருப்பி அனுப்பும் மத்திய அமைப்பு உங்கள் தெருவுக்கு நேரில் வரும் வழி, என் அனுபவத்தில், பெரும்பாலும் இதுதான்.

எதிர்மனுதாரர்களாகப் பட்டறை, மாநில வாரியம், மத்திய வாரியம், மாநகராட்சி, ஆட்சியர் ஐவரையும் சேருங்கள். மாநகராட்சியை விட்டுவிடாதீர்கள், மழைநீர்க் கால்வாய் அவர்களுடையது. ஆட்சியர் என்றால் சென்னை ஆட்சியர். 2018-லேயே அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. பழைய ஞாபகத்தில் திருவள்ளூர் என்று போட்டு அதற்காக ஒரு வாய்தா இழக்க வேண்டாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம், ஆனாலும் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

நாள் கணக்கைக் கவனியுங்கள். காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு மனு போட வேண்டும். அதற்கு மேல் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம், அவ்வளவுதான். தில்லிக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த நாட்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். ஆடிக் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது மார்கழி. தை முடிவதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். "இந்தப் பட்டறை எட்டு வருடமாக ஓடுகிறதே, இப்போதுதான் தெரிந்ததா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். தண்ணீர் மஞ்சளான தேதியை அழுத்தமாக எழுதுங்கள். கூடவே, பாழான இடத்தைச் சீரமைக்கக் கோரும் 15-ஆம் பிரிவையும் சேருங்கள். அதற்கு ஐந்து வருட அவகாசம் உண்டு.

சீரமைப்பைக் கேளுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு ராணிப்பேட்டைதான் காரணம். அங்கே ஒரு குரோமேட் ஆலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதற்கப்புறமும் பல வருடம் நிலத்தடி நீர் மஞ்சளாகவே இருந்தது. ஆலைக்குப் பூட்டுப் போட்டதோடு மண்ணுக்குள் இறங்கிய குரோமியம் நின்றுவிடவில்லை.

தண்டனை பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 2023-ல் வந்த ஜன விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் சிறை என்று இருந்தது 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு நாள் டீச்செலவு. ஆனால் உங்கள் பின்சுவர்ப் பட்டறைக்கு அது உறைக்கும்.

கடைசியாக அந்தப் பையன்கள். நீங்கள் அவர்களுக்கு எதிராகப் போகிறோமோ என்று தயங்குகிறீர்கள். குரோம் தொட்டியின் மேல் குனிந்து நிற்பவர்கள் அவர்கள்தான். அந்த அமில ஆவி மூக்கின் நடுத்தண்டைத் தின்னும். தொழில் மருத்துவர்கள் பிளேட்டிங் தொழிலாளியைப் பார்த்தால் முதலில் டார்ச் அடித்து மூக்குக்குள் பார்ப்பார்கள், தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று. விரல்களில் ஆறாத சிறு புண்கள் இருக்கும். அடுத்த முறை கடையில் பார்க்கும்போது அவர்கள் கையைக் கவனியுங்கள்.

மூடுவது ஒன்றுதான் தீர்வு என்றும் இல்லை. கழுவுநீரைத் தொட்டி தொட்டியாகத் திருப்பிப் பயன்படுத்தலாம், கசடை இறக்கிக் கணக்கோடு கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பலாம், தொட்டிக்கு மேல் ஆவியை உறிஞ்சும் ஹூட் மாட்டலாம். இசைவாணை நிபந்தனைகளில் இவற்றில் சில ஏற்கெனவே எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் மனுவின் கோரிக்கைப் பத்தியில் "மூடுக" என்று மட்டும் எழுதாமல், நிபந்தனைகளை நிறைவேற்றும்வரை வெளியேற்றத்தை நிறுத்தவும், தெருவின் போர் கிணறுகள் எல்லாவற்றையும் சோதிக்கவும், அதுவரை தெருவுக்கு லாரித் தண்ணீர் தரவும், பட்டறைத் தொழிலாளர்களுக்கு மூக்கும் தோலும் சேர்த்து மருத்துவப் பரிசோதனையைப் பட்டறைச் செலவில் நடத்தவும், வேலை நின்ற நாட்களுக்கு அவர்கள் கூலியைக் கொடுக்கவும் உத்தரவு கோருங்கள். மனுவைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன்பு அந்தப் பையன்களில் ஒருவரைக் கூப்பிட்டு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். எந்த ராத்திரி எந்தத் தொட்டியைத் திறப்பார்கள் என்று உங்கள் நோட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.